உறையோடு வந்த ரிவால்வர்

வேலூரில் லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையில் ரிப்பேரும் மதிப்பீடும் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. ஓய்வு பெற்ற பிறகும், ஆம்பூர் வழியாக பஸ் போகும்போது தோல் வாசனை அடித்தால் அந்தக் கடைதான் ஞாபகத்துக்கு வருகிறது. கூடவே பழைய கோபமும். ஊரெல்லாம் நல்ல தோல். அதில் ஆசையாக உறை தைத்து ரிவால்வரை வருஷக்கணக்கில் அதற்குள்ளேயே தூங்க வைத்துவிடுவார்கள். பதனிட்ட தோல் ஈரத்தை இழுக்கும், அதிலுள்ள உப்பு இரும்பைத் தின்னும்.

எஸ்தர் டீச்சர் அப்படித்தான் வந்தார். அவருடைய அப்பா ஆம்பூரில் சின்னதாக ஒரு டேனரி, அதாவது தோல் பதனிடும் பட்டறை, நடத்தியவர். அவர் இறந்ததும் டீச்சர் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு ரிவால்வரை எங்கள் கடையில் ஒப்படைக்க வந்திருந்தார். தன் பேரில் லைசென்ஸ் எடுக்க விருப்பமில்லை.

"யாரும் வாங்கலன்னா கவர்மெண்ட்ல எடுத்து உருக்கிடுவாங்களாமே சார்? அப்பா கையில இருந்தது. மதிக்கிறவங்க யார்கிட்டயாவது போய்ச் சேரணும்."

உறையிலிருந்து எடுத்து, சிலிண்டரைத் திறந்து, குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். பாடி, குழல், சிலிண்டர் மூன்றிலும் ஒரே நம்பர். எந்த பாகத்தையும் யாரும் மாற்றவில்லை. ஸ்க்ரூ தலைகள்கூடச் சிதையவில்லை. முத்திரையையும் கம்பெனியின் நம்பர் வரிசையையும் வைத்து வயதைக் கணக்கிட்டேன்.

"உங்க அப்பாவுக்கே இது அண்ணன்மா!"

டீச்சர் அப்போதுதான் சிரித்தார். நான் மறுபக்கம் திருப்பினேன். உறையின் தையல் போன வழியே, நீலப்பூச்சின் மேல் புள்ளிபுள்ளியாக ஒரு துருக்கோடு.

"இன்னாம்மா இது! தோல் ஊர்க்காரங்க, உங்களுக்கே தெரியாதா? பாழ் பண்ணி வெச்சிருக்கீங்களே!"

"உறை அப்பாவே தெச்சது சார்" என்றார், மெதுவாக.

முதலாளி எட்டிப் பார்த்தார். பழைய துப்பாக்கி சேர்க்கும் சோளிங்கர் டாக்டர் மறுநாள் வருவதாக இருந்தது. "இன்னாய்யா பேஜாரு? பஃப் அடிச்சு தேய்ச்சுட்டு புதுசா நீலப்பூச்சு போட்டுடு. துருவப் பாத்தா டாக்டர் ஓடிடுவார்."

"பஃப் அடிச்சா நம்பரும் முத்திரையும் மழுங்கிடும் மொதலாளி. அப்புறம் வயச எத வெச்சு சொல்றது?"

"வேணாம் சார்" என்று டீச்சர் குறுக்கிட்டார். "டேனரியில பாத்திருக்கேன். ஜாஸ்தியா பஃப் பண்ணா தோலோட முகமே போய்டும். இது இருக்கிறபடியே காட்டுங்க."

உருக்கிவிடுவார்களோ என்ற பயத்திலும் அப்படிச் சொன்னார் பாருங்கள், எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. எண்ணெய் மட்டும் தடவி வைத்தேன்.

மறுநாள் டாக்டர் லென்ஸ் வைத்து நம்பரைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், துருக்கோட்டை விரலால் தடவினார். டீச்சர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"துரு இருக்கு, வெல கம்மியாத்தான் கேப்பேன். ஆனா யாரும் கை வெக்காத பீஸு. நானே வெச்சிக்கிறேன். உறையோட குடுத்துடுங்க."

டீச்சர் சட்டென்று உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "துப்பாக்கிய எடுத்துக்குங்க சார். ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு இவர்தான் அந்தத் திட்டு திட்டினாரே." பிறகு என் பக்கம் திரும்பி, "இதுக்கு லைசென்ஸ் வேணாமில்ல?" என்று கேட்டார்.

"வேணாம்மா" என்று சொல்லி, உறையைச் சுற்றிக்கொள்ள ஒரு சுத்தமான துணியை எடுத்துக் கொடுத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பழைய ரிவால்வரைப் பளபளப்பாக்கிக் கெடுக்காதீர்கள். தோல் உறையில் போட்டு வைக்க விடாதீர்கள். ஆனால் அந்த உறையைத் தைத்தது யார் என்று முதலில் கேட்டுவிடுங்கள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.