இன்னொரு காது

என் பழைய மடிக்கணினி ஊமையான பிறகுதான் வடக்கனந்தலில் அவரைச் சந்தித்தேன். தன்னார்வலர்கள் நடத்தும் ஓர் இயங்குதளத்தில், என் கணினியிலுள்ள பழைய ஒலிச் சில்லை இயக்கும் ‘டிரைவர்’ நிரலைப் பராமரிப்பவர் அவர் ஒருவரே. மரவள்ளி வயலிலிருந்து வந்து, நாலு வரி திருத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி போட்டிருந்தால் காது சரியாகக் கேட்காதாம்.

“இன்னாங்க, சாப்பிட வர்றீங்களா இல்லியா?” என்றது என் கணினி, பெண்குரலில். நான் சமையலறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.

“அங்க யாரும் இல்ல சார். வூட்டுக்காரம்மா குரலு, ரெக்கார்டு பண்ணது. தவறிப் பூட்டாங்க, மூணு வருஷம் ஆவுது. இத வச்சிதான் டெஸ்ட் பண்ணுவேன். துளி மாறினாலும் எனக்குத் தெரிஞ்சிடும்.”

“புது கம்ப்யூட்டர்ல போட்டுக் கேக்கலாமே?”

“போட்டேன். அதுல வேற யாரோ கூப்பிடுறாங்க.”

இன்னொருவராவது பயன்படுத்தாவிட்டால் அடுத்த பதிப்பில் அந்த டிரைவரை நீக்கிவிடுவார்களாம். “நீங்க யூஸ் பண்றேன்னு எழுதுங்க சார்” என்றார். எழுதினேன். டிரைவர் பிழைத்தது. என் எழுத்தால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பதிப்பையும் நானும் அந்தக் குரலை வைத்தே சோதிக்கிறேன். போன மாதப் பதிப்பில் அது கரகரத்து, மெலிந்து போயிருந்தது. என் காதுக்கே தெரிந்தது. அவரோ எல்லாம் சரியாக இருப்பதாக எழுதியிருக்கிறார். அவரிடம் இதை எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.