விஞ்சுக்காரரின் வலது கால்

ராயபுரத்தில் மாதா கோயில் ஹாலில், உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன் பழக வந்த எங்கள் நாலு பேரில் அவர்தான் மூத்தவர். துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்சு ஓட்டுகிறவர். கட்டையான கழுத்து, எவ்வளவு தேய்த்தாலும் கிரீஸ் போகாத நகங்கள். குச்சியைப் பிடித்துவிட்டால் மட்டும் அந்தக் கைகளுக்கு எங்கிருந்தோ ஒரு மென்மை வந்துவிடும்.

எங்களுக்குக் கொடுத்தது, பழகுகிறவர்களுக்கென்றே எழுதிய மெதுவான தனி வாசிப்பு. ஒவ்வொரு வரி முடிவிலும் பெடலிலிருந்து காலை எடுக்கவேண்டும்; எடுத்தால்தான் நாதம் அடங்கும். அவர் எடுக்கவே மாட்டார். சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும்.

ஒருநாள் எரிச்சலில் கேட்டேவிட்டேன்: "காலை எடுக்கறதுல இன்னாண்ணே கஷ்டம்?"

"விஞ்சுல பிரேக்கை மெறிச்சிக்கினு கீற காலு நைனா இது. எட்தா சரக்கு வுயுந்துடும். கீய ஆளுங்கோ நிக்கிறாங்கோல்ல?" என்றார், சிரித்துக்கொண்டே.

திருவிழாவன்று மேடையில் வாசித்தார். ஒவ்வொரு வரியிலும் சரியாகக் காலை எடுத்தார். முன்வரிசையில் அவரோடு கப்பலில் சரக்கு இறக்குகிறவர்கள், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி சுரத்தில் மட்டும் கால் எழவில்லை. நாதம் தானாக இறங்கி அடங்கும்வரை அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தப்புதான். நான் வாசிக்கும்போதும் அந்த இடத்தில் என் கால் எழுவதில்லை.