அவள் கேட்டது, நான் சொன்னது

சிம்பொனி இசை எங்கள் வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் என் கட்டைவிரல். ஊரடங்குக் காலத்தில் ஒரு மாலை செல்போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். எதையோ தள்ளப் போக வேறு எதுவோ திறந்துகொண்டது. கறுப்புக் கோட்டுப் போட்ட எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருக்க, வயலின்காரர்கள் ஒரே நேரத்தில் வில்லை இழுத்தார்கள். மூடிவிடத்தான் நினைத்தேன். ஆனால் முக்கால் மணி நேரம் கழித்து, சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. கோயில் நாயனமும் சினிமாப் பாட்டும் தவிர வேறு இசை கேட்டதில்லை. சங்கீதம் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. இருந்தும் அன்று பிடித்த பைத்தியம் விடவே இல்லை. தேரடி வீதியில் ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன். நோட்டுப் போட்டு எழுதிவைக்க ஆரம்பித்தேன். எந்த சிம்பொனியில் எத்தனை பகுதி, எது வேகம், எது மெதுவு, நான்கு பேர் மட்டும் வாசிக்கும் குவார்டெட்டில் யார் யார் எங்கே உட்காருகிறார்கள், எல்லாம். விவரம் நிறையச் சேர்ந்தது. அந்த இசை என்னை ஏன் பிடித்து உட்காரவைக்கிறது என்று மட்டும் எழுதத் தெரியவில்லை.

என் மனைவி வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறாள். தையல் மெஷின் இருக்கும் முன்அறையில்தான் ஸ்பீக்கருக்கும் ப்ளக் இருந்தது. அதனால் நான் கேட்டதையெல்லாம் அவளும் கேட்கவேண்டியதாயிற்று. முதல் வாரம், "இன்னாங்க இது, சாமான் உருட்டுற மாதிரி" என்றாள். ஒரு மாதம் கழித்துக் கவனித்தேன். மெதுவான பகுதி வந்தால் அவள் கால் மெஷினின் பெடலிலிருந்து தானாக இறங்கிவிடும். ஊசி பாதி மடிப்பில் நிற்கும். அந்தப் பகுதி முடிந்த பிறகுதான் மறுபடி மெஷின் ஓடும்.

ஒருநாள் குவார்டெட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"நடுவுல ஒருத்தரு வாசிக்கிறாரே, ரொம்ப கீழயும் இல்லாம, மேலயும் இல்லாம. அவரு யாரு?"

"அது வயோலா. ஏன்?"

"அவரு தனியா எதுவுமே சொல்ல மாட்டேங்கிறாரு. ஆனா அவரு நிறுத்துனா மத்தவங்க மூணு பேரும் ஆளுக்கொரு பக்கம் போயிடுறாங்க. லைனிங் துணி மாதிரிங்க. வெளிய தெரியாது. அது இல்லன்னா ப்ளவுஸ் நிக்காது."

சொல்லிவிட்டு ப்ளவுஸ் கையை மடக்கித் தைக்கப் போய்விட்டாள். நான் அந்தக் குவார்டெட்டை மறுபடி முதலிலிருந்து வைத்துக் கேட்டேன். ஆறு மாதமாக எழுதிய நோட்டில் இந்த ஒரு வரிக்கு ஈடாக எதுவும் இல்லை.

அந்த வருடக் கடைசியில், செங்கம் சாலைப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் வெளிநாட்டு அம்மா ஒருவரைப் பற்றித் தெரியவந்தது. எங்கள் ஊர் மலையை வலம்வர வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஞாயிறு மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் அவர் வீட்டில் கூடி இசை கேட்பார்கள். ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் என்னை அங்கே அழைத்துப் போனார். பாயில் உட்கார்ந்து கேட்பது, முடிந்ததும் யாராவது ஒருவர் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது, அதுதான் வழக்கம். அவர்களெல்லாம் படித்தவர்கள், வெளிநாட்டில் நேராக உட்கார்ந்து கேட்டவர்கள். நான் வாசற்படி ஓரமாக உட்காருவேன்.

மூன்றாம் மாதம் என்னைப் பேசச் சொன்னார்கள். அன்று போட்டது ஒரு குவார்டெட். எழுந்தபோது நோட்டில் எழுதியது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. வாயில் வந்தது லைனிங் துணி. "ஒரு தையல் கடையில் காத்திருந்தபோது எனக்குத் தோன்றியது" என்று ஆரம்பித்தேன். பேராசிரியர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அந்த வெளிநாட்டு அம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அவர் தன் நாட்டில் இளம் வயது முழுக்க வயோலா வாசித்தவராம். இதைவிடச் சரியாக யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்றார். அடுத்த வாரத்திலிருந்து எனக்கு முன்வரிசையில் இடம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "நல்லாப் பேசினேன்னு சொன்னாங்க" என்று மட்டும் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். அன்று ராத்திரி எனக்குப் பிடிக்குமென்று முட்டை தோசை சுட்டுக் கொடுத்தாள்.

அதன்பின் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஞாயிறு போடப்போகும் இசையை வியாழன், வெள்ளியிலேயே முன்அறையில் ஓடவிடுவேன். பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்து அவள் என்ன சொல்கிறாள் என்று காத்திருப்பேன். எதுவும் சொல்லாவிட்டால், "எப்படி இருக்குது?" என்று தூண்டில் போடுவேன். அவள் தனக்குப் பேச்சுத்துணைக்கு நான் வந்துவிட்டதாக நினைத்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் நான் அவளிடம் அவ்வளவு கேள்வி கேட்டதில்லை. யாராவது "உங்க வீட்டம்மாவையும் கூட்டினு வாங்களேன்" என்றால், "அவளுக்கு இதில் ஆர்வமில்லை, சீரியல்தான் பார்ப்பாள்" என்பேன். அவளோ சீரியல் பார்ப்பதை எப்போதோ விட்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு சிம்பொனியின் இரண்டாம் பகுதியைப் போட்டேன். மிக மெதுவானது. துக்கமாகத் தொடங்கி, சட்டென்று நடுவில் ஒரு சாதாரண நடைப்பாட்டு, வழியில் முணுமுணுத்துப் போகிற பாட்டு மாதிரி மாறும். அது ஏன் அப்படி மாறுகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. அவள் மெஷினை நிறுத்திவிட்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா செத்தப்போ நான் அழவே இல்ல, தெரியுமா உங்களுக்கு? வந்தவங்ககிட்டல்லாம், உங்க நெலத்துல மல்லாட்ட புடுங்கியாச்சா, மழ வந்துச்சான்னு கேட்டுனு இருந்தேன். எங்கண்ணிகூட கல்லுனு திட்டிச்சி. அந்தப் பேச்ச வுட்டா ஒடைஞ்சி போயிருப்பேன். இது அதாங்க. இவங்க துக்கத்த வுட்டுட்டுப் போவல. அழக்கூடாதுன்னு வேற பேச்சு பேசறாங்க."

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் அவள் அம்மா வீடு. அந்தச் சாவுக்கு நானும் போயிருந்தேன். வேர்க்கடலை அறுவடையைப் பற்றி அவள் பேசியதை நானும் பார்த்தேன். இவளுக்கு அவ்வளவுதான் பாசம் போலிருக்கிறது என்று அன்று நினைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

அந்த ஞாயிறு நான் பேசினேன். "அம்மா இறந்த அன்று, வந்தவர்களிடம் மல்லாட்டை புடுங்கியாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்த…" என்று தொடங்கி, யார் கேட்டது என்பதை விழுங்கிவிட்டேன். பேராசிரியர் பாதியில் நிறுத்தி, "இறந்தது உங்க அம்மாவா?" என்றார். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை போதும், இல்லை என்று சொல்ல. நான் தலையாட்டினேன்.

அந்த வெளிநாட்டு அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஒரு சென்னைத் தம்பதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் அம்மா அப்போது என் அண்ணன் வீட்டில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்திருப்பார். எனக்கும் கண்ணில் நீர் வந்தது. இதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த மாதம் கண் பரிசோதனைக்காக அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் பேராசிரியர் வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே அந்த வெளிநாட்டு அம்மா, கையில் கதர்த் துணி. அவருக்குச் சட்டை தைக்க ஆள் வேண்டுமாம். என் மனைவி தைப்பாள் என்று எப்போதோ நான் சொன்னதைப் பேராசிரியர் ஞாபகம் வைத்திருந்தார்.

மனைவி அளவெடுத்தாள். அந்த அம்மா அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். பேராசிரியர் சிரித்த முகமாக மொழிபெயர்த்தார்.

"உங்களுக்கு இந்த மியூசிக் எல்லாம் புடிக்காதாமே. பரவாயில்லம்மா. ஆனா உங்க வீட்டுக்காரர் பேசறத ஒரு தபா வந்து கேளுங்க. லைனிங் துணின்னு ஒண்ணு சொன்னாரு பாருங்க. அப்புறம் உங்க மாமியார் செத்தப்போ, மல்லாட்ட புடுங்கியாச்சான்னு கேட்டுனே இருந்தாராமே, எங்க எல்லாரையும் அழவச்சிட்டாரு."

மனைவியின் கையிலிருந்த டேப் அந்த அம்மாவின் தோளிலேயே நின்றது. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த என் அம்மா குரல் கொடுத்தார்.

"யாரு செத்தது?"

நான் சுவரோரம் நின்றிருந்தேன். மனைவிதான் சொன்னாள். "வேற யாரையோ சொல்றாங்க அத்தை." பிறகு பேராசிரியரைப் பார்த்து, "கை நீளம் முழங்கைக்குக் கீழ வேணுமான்னு கேளுங்க சார்" என்றாள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். வாசல்வரை போய்க் கும்பிட்டாள்.

திரும்பி வந்து மெஷின் முன் உட்கார்ந்தவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"லைனிங் துணிய எடுத்துக்கோங்க. அது பெரிசு இல்ல. ஆனா மல்லாட்டப் பேச்சு, அது எங்கம்மா சாவுங்க. அத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டதான் சொன்னேன்."

"தப்புதாம்மா" என்றேன். அவள் மெஷினை ஓட்டினாள். அந்தச் சத்தத்தில் நான் மேலே சொன்னது எதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது.

இரண்டு நாள் கழித்து அம்மாவை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்துப் பையைக் காலடியில் வைத்தேன். டிரைவர் ஏறியபிறகு அம்மா சொன்னார்.

"எனக்குக் கண்ணுதாண்டா மங்கிடுச்சி. காது நல்லாக் கேக்குது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் செத்தா அழுவுடா. வேற எதுவும் பேசிக்கினு நிக்காத."

பஸ் போனபின் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அலுவலகத்துக்கு அன்று அரைநாள் விடுப்பு சொன்னேன்.

அந்த வார ஞாயிறு இசை கேட்கும் வீட்டுக்குப் போனேன். இசை போடுவதற்கு முன்பே எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். லைனிங் துணி, நடைப்பாட்டு, அவற்றுக்கு நடுவிலும் பிறகும் நான் பேசிய ஏழெட்டு விஷயங்கள் எல்லாம் என் மனைவி சொன்னவை, என் அம்மா உயிரோடு இருக்கிறார் என்று. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பேராசிரியர், "இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்" என்றார். சிலர் தலையசைத்தார்கள். அதையும் எனக்குப் பெருமையாக ஆக்கிவிட்டார்கள். அந்த வெளிநாட்டு அம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போனார், என் மனைவி தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். "உங்கள் மனைவியை அழைத்து வாருங்கள். நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை" என்றார். அவர் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அங்க வந்து நான் இன்னா பண்ணப்போறேன்? எல்லாரும் என் மூஞ்சயே பாப்பாங்க, அடுத்தது இன்னா சொல்லுவான்னு. எனக்கு வேணாங்க."

நானும் அங்கே போவதை நிறுத்திக்கொண்டேன். வீட்டில் இசை போடுவதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது மெதுவான பகுதி வந்தாலும் அவள் மெஷின் நிற்பதில்லை. நான் எதுவும் கேட்பதுமில்லை. கேட்டால் எதற்காகக் கேட்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

போன ஆடி மாதம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடைபாதைக் கடையில் அவள் ஓர் இயர்போன் வாங்கியிருந்தாள். ஒருநாள் அலுவலகத்திலிருந்து வந்தபோது முன்அறை அமைதியாக இருந்தது. மெஷின் நின்றிருந்தது. இரண்டு காதிலும் இயர்போன், கண் மூடியிருந்தாள், மடியில் பாதி தைத்த துணி. விரல் மட்டும் மெஷின் பலகைமேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. என் நிழல் பட்டுக் கண் திறந்து ஒரு பக்கத்தைக் கழற்றினாள்.

"இன்னாங்க?"

என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அறிய எனக்கு ஆசையாக இருந்தது. "ஒண்ணுமில்ல, நீ கேளு" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்ட உள்ளே போனேன்.