சந்தனம் வைத்த குடுவை

டங்ஸ்டன் ஆக்சைடு மூலக்கூறுகளுக்குள் எலெக்ட்ரான்களைப் புகுத்தினால், தண்ணீர் போலிருந்த கரைசல் கருநீலமாகிவிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், அந்த நீலத்தைத்தான் நான் கட்டிக்கொண்டு அழுதேன். நீலம் நின்றால் எலெக்ட்ரான்கள் உள்ளேயே இருக்கின்றன, பேட்டரிக்கு ஆகும் என்று அர்த்தம். கொஞ்சம் காற்றுப் பட்டால் போதும், வெளுத்துவிடும்.

அமிலத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, முன்பைவிட அதிகமாக எலெக்ட்ரான் ஏற்ற ஒரு கரைசலைக் கோடையில் தயாரித்தேன். குடுவையிலிருந்த காற்றை விரட்டி, மூடியில் கிரீஸ் தடவி இறுக்கி அடைத்தேன். மாதக்கணக்கில் நீலம் அசையவில்லை. பூஜை விடுமுறை முடிந்ததும் மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் அதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவருக்குத் திருப்தியானால் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய இடம். இல்லாவிட்டால் தையில் கல்யாணம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா தீர்மானமாகச் சொல்லியிருந்தார். சுந்தரபாண்டியத்து மாப்பிள்ளை வீட்டார் ஜவுளி எடுக்கவே கிளம்பிவிடுவார்கள் போலிருந்தது.

விடுமுறை முடிந்து முதல் பஸ்ஸில் போனேன். ஆயுத பூஜைக்கு ஆய்வகத்தைக் கழுவித் துடைத்து, தராசு முதல் பர்னர் வரை சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். என் குடுவையிலும் வைத்திருந்தது. உள்ளே நீலம் இல்லை.

ஆய்வக உதவியாளர் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஒங்க குடுவைக்குத்தான் தாயி மொதல்ல வச்சேன். மூடியில ஒரே பிசுக்கு, சந்தனம் ஒட்டவே மாட்டேன்னுச்சு. தொறந்து நல்லாத் தொடச்சிட்டுப் பொறவு வச்சேன். மதுரைக்காரவிய பாக்க வாராவள்லா? இப்பப் பாருங்க, கருகருன்னு கெடந்தது எம்புட்டுத் தெளிஞ்சிருச்சு!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குடுவையைச் சுவரில் அடித்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை. "நல்லதுண்ணே" என்று சொல்லிவிட்டு, ரசாயன அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன்.

"அடுத்த வருஷம் திரும்பச் செஞ்சு காட்டுங்கம்மா" என்றார் பேராசிரியர், அன்பாகத்தான். மறுபடி செய்து, நீலம் மாதக்கணக்கில் நிற்பதைக் காட்ட அவ்வளவு நாள் வேண்டும். அப்பாவிடம் அடுத்த வருஷம் என்ற பேச்சே எடுபடவில்லை.

கல்யாணத்துக்கு ஆய்வக அண்ணனும் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பால்கோவா வாங்கி வந்த மனிதர் அவர் ஒருவர்தான்.

"அன்னிக்கு ஒங்களுக்காகத்தான் தாயி கும்பிட்டேன். வீண் போகல. எவ்வளவு சீக்கிரமாக் கல்யாணம் கூடி வந்துருச்சு, பாத்தியளா?"

"ஆமாண்ணே," என்றேன். "இருந்து சாப்பிட்டுப் போங்க."