கறுப்புக் கயிற்றின் மேல் கட்டிய பட்டை

உடம்பைத் தொட்டு நாடி பார்க்கும் கருவிகளை வடிவமைப்பது என் வேலை. கையில் கட்டும் பட்டையின் உட்புறத்தில் பச்சை விளக்கு மினுங்குமே, அந்தப் பக்கம் என் பொறுப்பு. சென்னை நிறுவனம் ஒன்றுக்காகத் தருமபுரத்து வாடகை வீட்டின் பின்னறையிலிருந்து செய்கிறேன். செய்ததை முதலில் என் மணிக்கட்டில் கட்டிப் பார்ப்பேன். பிறகு அலுவலகத்தில் சிலர் கட்டிப் பார்ப்பார்கள். எல்லாரும் ஏசி அறைக்காரர்கள், கையில் சேறு படாதவர்கள்.

சொந்த ஊரான நெடுங்காட்டில் வரப்பில் நடந்துகொண்டிருந்த அப்பா ஒருநாள் தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். காரைக்காலில் டாக்டர் பார்த்துவிட்டு, இதயம் இடையிடையே மந்தமாகிறது என்றார். அடுத்த மாதம் பெரிய பரிசோதனைக்குத் தேதி எழுதித் தந்தார். "அதுவரைக்கும் நாடியப் பாத்துக்கிட்டே இருங்க. அம்பதுக்குக் கீழ போச்சுன்னா உடனே கூட்டிட்டு வந்துருங்க. காப்பாத்திடலாம்."

அன்று எனக்குப் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. பிள்ளை செய்த கருவி அப்பாவைக் காக்கப்போகிறது என்று நினைத்தேன். அம்மாவுக்கு நாடி பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். இரண்டு விரல், ஒரு கடிகாரம், ஒரு நிமிடம், அவ்வளவுதான். படித்தவனுக்கு அது தோன்றவில்லை.

அப்பாவின் இடக்கையில் கடிகாரம் இருந்தது. குளிக்கும்போதுகூட அதைக் கழற்றுவதற்கு அவருக்கு மனசு வராது. வலக்கையில் திருநள்ளாற்றில் கட்டிய கறுப்புக் கயிறு, மூன்று சுற்று, நடுவில் தடித்த முடிச்சுகள். பட்டை சரியாக அதன் மேல்தான் உட்கார்ந்தது. கயிற்றைக் கழற்றச் சொன்னேன்.

"அது தானா அறுந்து வுழணும்டா. நாமளா கழட்டக் கூடாது."

"கொஞ்சம் மேல தள்ளியாவது கட்டுங்கப்பா."

"மம்பட்டி புடிக்கிற கை. தள்ளிக் கட்டுனா எங்க நிக்கும்?"

பட்டையின் அடியில் இரண்டு உலோகப் பொட்டுகள் உண்டு. அவை தோலைத் தொட்டால்தான் கருவி அளக்கும். தொடாவிட்டால் எண்ணுக்குப் பதில் வெறும் கோடு காட்டிக் கத்தும். அப்பாவின் கையில் அது நாள் முழுக்கக் கத்தியது. "இது போடுற சத்தத்துல வயல்ல ஒரு கொக்கு நிக்க மாட்டேங்குது" என்று கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

அவரோடு மல்லுக்கட்டுவதைவிடக் கருவியோடு மல்லுக்கட்டுவது எனக்குச் சுலபம். அந்த ஒரு பட்டையில் மட்டும், தொடுகிறதா என்று கேட்கும் சோதனையைத் தளர்த்தினேன். கயிறு, சேறு, வியர்வை எது பட்டாலும் தோல் என்று அது எடுத்துக்கொள்ளும். கத்தல் நின்றது. எண்கள் ஒழுங்காக வந்தன. அப்பா சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டார்.

நாடி தேடுவதற்கென்றே எழுதிய நிரல் அது. நாடி கிடைக்காத இடத்திலும், ஆடும் வெளிச்சத்திலிருந்து எதையாவது பொறுக்கி, எழுபதை ஒட்டி ஓர் எண் சொல்லிவிடும். இது எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அந்தச் சோதனையை நான் வைத்ததே இதற்காகத்தான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது மூன்று வாரம் ஓடியது.

காலை ஒன்பதரைக்கு அம்மா போன் செய்தாள்.

"தம்பி, அப்பாவுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருதாம். வண்டிய எடுத்துக்கிட்டு வர்றியா?"

"பட்டையில என்னம்மா காட்டுது?"

"எழுவத்திரெண்டு."

"அப்ப ஒண்ணுமில்ல. வெறும் வயித்துல வயலுக்குப் போயிருப்பாரு. கஞ்சி குடு. மீட்டிங் முடிஞ்சதும் வர்றேன்."

மீட்டிங்கில் அடுத்த பட்டையின் உலோகப் பொட்டுகளைப் பற்றித்தான் பேசினோம். நான் அரை மணி நேரம் பேசினேன். முடித்துவிட்டு நெடுங்காடு போய்ச் சேர்ந்தபோது தெருவில் செருப்புகள் கிடந்தன. கஞ்சி டம்ளரைக் கையில் வாங்கும்போதே சாய்ந்துவிட்டாராம். வந்து பார்த்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. தலைசுற்றியபோது நாடி எவ்வளவு இருந்தது என்று மட்டும் கேட்டார். நான் எழுபத்திரண்டு என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, இருக்காதே என்றார்.

ஐஸ் பெட்டி வந்தது. கடிகாரத்தையும் மோதிரத்தையும் யாரோ கழற்றினார்கள். பட்டையை யாரும் கவனிக்கவில்லை. அழுதுகொண்டிருந்த அம்மா திடீரென்று நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், மற்றவர்கள் கேட்டால் கலைந்துவிடும் என்பது போல.

"தம்பி, எழுவத்தொண்ணுன்னு காட்டுதுடா. துடிக்குது. டாக்டரக் கூப்புடு."

"அது தப்பாக் காட்டுதும்மா."

"எப்புடிடா தப்பாக் காட்டும்? நீ செஞ்சதுதானே?"

அவள் என்னை விட்டுவிட்டு, பெட்டியைத் திறக்கச் சொல்லி மற்றவர்களிடம் கெஞ்ச ஆரம்பித்தாள். துக்கம் தலைக்கேறிவிட்டது என்று அவர்கள் அவளைப் பிடித்தார்கள். நானே மூடியைத் தூக்கினேன். சில்லென்றிருந்த அந்தக் கையைப் பிடித்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்தி எண்ணை நிறுத்தினேன். அப்பா அந்த நிமிடம்தான் இறந்தது போல அம்மா அலறினாள்.