உப்பு மட்டும் எங்கள் வீட்டிலிருந்து

நாமெல்லாம் ஒன்று என்ற பாடத்தை, எங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஒரு சாம்பார் சாதத்தில் நடத்திவிட நினைத்தார். அவர் ஊருக்குப் புதிது. "ஆளுக்கு ஒண்ணு வீட்லேர்ந்து கொண்டாங்க. ஒரே பானையில சமைச்சு, ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்" என்றார்.

மாதா கோயில் தெருப் பெண் அரிசி என்றாள். கூனிமேட்டுப் பள்ளிவாசல் தெருப் பையன் பருப்பு என்றான். நிலக்காரர் மகன் கத்தரிக்காய். காலனியிலிருந்து அந்த வகுப்பில் நான் ஒருவன்தான்; எங்கள் குடும்பத்திலேயே பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர்கள். "உப்பு" என்றேன். வகுப்பே சிரித்தது.

"அது இல்லாம எப்படிடா துண்ணுவீங்க?" என்று டீச்சர் எங்கள் பேச்சிலேயே அதட்டினார்.

அன்று மாலை அம்மா, பாத்தியின் மேலாகப் படிந்திருந்த வெள்ளை உப்பை மட்டும் மண் படாமல் கையால் வழித்தெடுத்தாள். வெடித்த விரல்களுக்கு எரிந்திருக்கும். துவைத்த துணியில் முடிந்து கொடுத்து, "நம்ம வூட்டு உப்ப இஸ்கூலே துண்ணப் போவுதுன்னா சும்மாவா!" என்றாள்.

மறுநாள் பானை கொதித்ததும், டீச்சர் என்னையே போடச் சொன்னார். ஒரு கை அள்ளிப் போட்டேன்.

இலை போட்டு உட்கார்ந்த நேரம், வாசலில் நிலக்காரரின் மாட்டுவண்டி வந்து நின்றது. உப்பளத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறவர். "ஏம்பா, இதுல யார் யார் கை வச்சீங்க?" என்று மகனைக் கேட்டார். அவன் ஒவ்வொருவராகச் சொல்லி, கடைசியில் என்னையும் காட்டினான். அவர் சத்தம் போடவில்லை.

"பாடம் நீங்க சொல்லிக் குடுங்க டீச்சரம்மா. சோறு நாங்க போட்டுக்கிறோம்."

மகனைத் தூக்கி உப்பு மூட்டைமேல் உட்கார வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஒவ்வொருவராக இலையை விட்டு எழுந்து போனார்கள். கூனிமேட்டுப் பையன் மட்டும் இரண்டு வாய் சாப்பிட்டான். சுற்றிப் பார்த்துவிட்டு அவனும் எழுந்தான். டீச்சர் எனக்குப் போட்டுவிட்டுத் தானும் போட்டுக்கொண்டார். வாயில் வைத்ததும் அவர் கண் கலங்கியது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது: உப்பு கரிக்கிறது. எனக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் உப்பளத்துக்காரன் நாக்கை நம்ப முடியுமா?

வீட்டில் அம்மா காத்திருந்தாள். "எல்லாரும் துண்ணாங்களாடா?"

"உப்பு ஜாஸ்தி ஆய்டிச்சிம்மா. யாரும் துண்ணல."

"எவ்ளோ போட்ட?"

கையைக் குவித்துக் காட்டினேன். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த தபா கம்மியா போடறேம்மா."

"சரிப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அளவு தெரியாத பிள்ளையைப் பெற்றுவிட்டோமே என்று வருந்துகிறாள் என நினைத்துக்கொண்டேன்.