ஒரிஜினல் சான்றிதழ்

இணையத்தில் வாங்கும் சான்றிதழ்களை நம்பலாமா என்று இப்போது கருத்தரங்குகளில் என்னிடம் கேட்கிறார்கள். ஆய்வுக்காரன் பாணியில் ஏதாவது சொல்லி வைக்கிறேன். உள்ளுக்குள் எரிச்சல்தான் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் விருத்தாசலத்தில் முனைவர் பட்டத்துக்காக அலைந்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் சென்டர்களில் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு உண்மையிலேயே கம்ப்யூட்டர் தெரியுமா என்பதுதான் ஆய்வு. ஒரு கடிதத்தை அடித்து, பிளாப்பியில் சேமித்து, மறுபடி திறந்து காட்டச் சொல்வேன். பாதிப் பேருக்கு கம்ப்யூட்டரை எங்கே அழுத்தி ஆன் செய்வது என்றே தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போனதும், கட்டளைகளை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்ததும்தான் அவர்கள் படித்த படிப்பு.

ஒரே ஒரு பெண் பிரமாதமாகச் செய்தார். பீங்கான் கம்பெனியில் கோப்பைகளைப் பளபளப்புக் கரைசலில் முக்கி எடுப்பவர். நடுவில் கரண்ட் போனபோதுகூட, வந்ததும் முதலிலிருந்து அடித்து முடித்தார். அதே கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை காலியாக இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சான்றிதழைப் பதிந்திருந்தால் கிடைத்துவிடும் என்றார். முகம் மலர்ந்திருந்தது.

என் ஆய்வுக்கு நகல் எடுக்க அவருடைய சான்றிதழை வாங்கிப் போனேன். ஜெராக்ஸ் கடையில் கசங்கிய ஓரத்தைப் பார்த்ததும் எனக்கு அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் நல்ல தாள் எதைக் கண்டாலும் லேமினேஷன் போட்டுவிடுவோம். நானும் போட்டேன். அவரிடம் கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு எண்ணை ஒரிஜினலின் பின்பக்கம் முத்திரையிட்டுத்தான் தருவார்கள். அவர் பதியப் போனபோது நானும் கூடவே போயிருந்தேன். கிளார்க் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மேல சீல் நிக்காதுங்க. யாரு போட்டது?"

"நான்தாங்க."

"படிச்சவங்களே இப்படிச் செஞ்சா எப்படிங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. வெளியே வந்து பிளேடால் ஓரத்தைக் கீறினேன். பிளாஸ்டிக்கோடு எழுத்தும் பெயர்ந்து வந்தது. இன்னொன்று வாங்கலாம் என்றால், சென்டரை நடத்தியவர் கடையைக் காலி செய்துவிட்டு எங்கோ போய்விட்டிருந்தார். அவருக்கு வேலை நன்றாகத் தெரியும், தப்பு என்னுடையது என்று கம்பெனி மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். "நீங்க சொல்றது சரிதாங்க, பதிவு இருந்தாத்தான் எடுப்பாங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த மாதம் அந்த வேலைக்கு வந்திருந்த இளைஞரைச் சோதிக்கப் போனேன். பதிவு, முத்திரை எல்லாம் கச்சிதமாக இருந்தன. பிளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"ஒரு நிமிஷம் சார். அக்காவைக் கூப்பிட்டுக்கிறேன். தெனமும் அவங்கதான் சொல்லித் தராங்க."

கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தவர் அந்தப் பெண்தான். நின்றபடியே கடிதத்தைச் சேமித்தார், திறந்தார், பிளாப்பியை எடுத்து என்னிடம் நீட்டினார். கண்ணைப் பார்க்க முடியாமல் படிவத்தைப் புரட்டினேன்.

"அன்னிக்கு எனக்கு எத்தனை மார்க் சார் போட்டீங்க?"

"முழு மார்க்கும்மா."

"சரிங்க சார்," என்றார். "தொட்டியில போட்டது அப்படியே கெடக்குது, போயிட்டு வரேன்."